கொலுசுக்கு விக்கல்

ஸ்ரீரங்கம், மேலூர் ரோடு
மே 11

அன்பு மகள் கலைமதிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, கொலுசு மூன்று பேரும் சுகம். வேலூரில் நீயும் உன்னோடு போலீஸ் பயிற்சியில் இருக்கும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும் என்று ரெங்கநாதரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் அங்கே போனை உங்கள் கையில் கொடுக்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தையும் உன் அம்மா, சாப்பிட்டியா, என்ன சாப்பிட்டே, அதை ஏன் சாப்பிட்டே என்று கேட்டே தீர்த்துவிடுகிறாள். என் முறை வரும்போது "சரிப்பா, வச்சிடுறேன்" என்கிற உன் குரல்தான் மிச்சம். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன். பத்தாவதில் தமிழில் மட்டும் பாஸான ஆள் நான். மற்றதில் எல்லாம் என்ன ஆனேன் என்பது இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

உன் கடிதம் வந்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் கிரவுண்டில் ஓடும்போது மயங்கி விழுந்ததை ஒரு வரியில் எழுதிவிட்டு, மெஸ் தோசையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். நீ என் மகள்தான், சந்தேகமே இல்லை. கடைசி வரி மட்டும் வேறு பேனாவில் இருந்தது. "கொலுசைப் பாத்துக்கறது உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லுங்கப்பா, நான் வந்துடுறேன்." உன் அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டியபோது அந்த இடத்தில் எனக்கு இருமல் வந்துவிட்டது. அவள் தண்ணீர் எடுக்கப் போன நேரத்தில் கடிதத்தை மடித்துவிட்டேன்.

கஷ்டம் ஒன்றும் இல்லை. கைலாசபுரம் ஃபாக்டரி கேண்டீனில் ஆயிரக்கணக்கான பேருக்குச் சாம்பார் வைத்தவனுக்கு ஒரு குதிரைக்குத் தீனி வைக்கத் தெரியாதா? ரிட்டயர் ஆனவன் மற்றவர்களைப் போல மளிகைக்கடை வைத்திருக்கலாம். தென்னூர் அப்துல் ரஹீம் பாய் பேச்சைக் கேட்டு, கல்யாண ஊர்வலத்துக்குச் சாரட் வண்டி ஓட்டப் போனேன். அதில் எனக்குத் தலைப்பாகை கிடைத்தது, உனக்குக் குதிரை கிடைத்தது. போன வாரம் தில்லைநகரில் ஜிகினா கோட்டோடு வண்டியில் உட்கார்ந்திருந்தேன். பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் ஆரத்தித் தட்டை என் பக்கம் நீட்டச் சொன்னார். மாப்பிள்ளை பின்னால் இருக்காருங்க என்று நான்தான் காட்டிக் கொடுத்தேன். மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை என் அளவுக்குப் பொருந்தவில்லை, பாவம்.

வீட்டில் ஒரு செய்தி. எனக்குப் பிரஷர் கூடியிருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டார் டாக்டர். குறைக்கத்தான் சொன்னார். உன் அம்மா கல்லுப்பு ஜாடியையே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இப்போது ரசத்துக்கும் வெந்நீருக்கும் நிறத்தில்தான் வித்தியாசம். கொலுசின் கொள்ளும் அதே அடுப்பில்தானே வேகிறது. நீ அதில் ஒரு கை உப்பு போடுவாயே, அதையும் நிறுத்திவிட்டோம். எனக்கு ஆகாதது அவளுக்கு மட்டும் எப்படி ஆகும்? குதிரைக்குப் பிரஷர் இருக்கிறதா இல்லையா என்று யார் பார்த்தது?

அதற்கு ஈடாகச் சத்தான தீனியாகக் கொடுக்கிறேன். காலையில் தவிடு, மத்தியானமும் தவிடு, சாயங்காலம் வெல்லம் போட்டுக் கொள்ளு. கொள்ளிடக் கரைக்குப் போய்ப் புல் அறுத்து வரத்தான் இந்த வெயில் விட மாட்டேன் என்கிறது. உப்பில்லாத கொள்ளைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். நானும் தட்டைப் பார்த்து அப்படித்தான் திருப்புகிறேன், என்னை யார் கேட்கிறார்கள்?

ஆனால் அவளுக்கு என் மேல் இப்போது தனிப் பாசம். சவாரி முடிந்து கோட்டைக் கழற்றினால் என் சட்டை முதுகை விடாமல் நக்குகிறாள். "அது பாசமில்லைங்க, உங்க வேர்வை" என்கிறாள் உன் அம்மா. பொறாமை. லாயத்துச் சுவரையும் நக்குகிறாள். வெள்ளை அடித்த சுவர், பார்க்க அழகாக இருக்கிறது போல.

நேற்று ஒரு வேடிக்கை. சவாரி போய் வந்ததும் கொலுசுக்கு விக்கல் வந்துவிட்டது. வாயில் சத்தம் இல்லை, விலாப்பக்கம்தான் குதித்துக் குதித்து அடங்கியது. "பிள்ளை நினைக்குதுங்க" என்றாள் உன் அம்மா. எங்கள் இரண்டு பேருக்கும் விக்கல் வரவில்லை. அப்பா அம்மாவை விட்டுவிட்டுக் குதிரையை நினைத்திருக்கிறாய். பரவாயில்லை.

நீ வர வேண்டியதில்லை அம்மா. குதிரைப் படையில் சேர வேண்டும் என்று பிளஸ் டூவிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவள் நீ. கொள்ளிட மணலில் கொலுசை ஓட்டி ஓட்டி, என் சாரட் குதிரையைப் போலீஸ் குதிரையாகவே மாற்றி வைத்திருக்கிறாய். பேண்டு வாத்தியம் கேட்டால் இன்னமும் அட்டென்ஷனில்தான் நிற்கிறாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். உன்னை நீ பார்த்துக்கொள்.

உன் அப்பா,
சின்னையா


ஸ்ரீரங்கம்
மே 27

அன்பு மகள் கலைமதிக்கு,

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். கொலுசு நன்றாக இருக்கிறாள். நான் இதை எழுதும்போது தொட்டியில் அவள் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்கிறது. இந்த வரியை முதலில் எழுதச் சொன்னது உன் அம்மா. இல்லாவிட்டால் பாதியிலேயே பஸ் ஏறிவிடுவாய் என்கிறாள்.

போன வாரம் அம்மா மண்டபம் ரோட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அக்கினி நட்சத்திரம், சாயங்காலம் ஆகியும் தார் ரோடு கொதித்தது. மாப்பிள்ளையின் நண்பர்கள் பத்தடிக்கு ஒரு டான்ஸ் ஆடினார்கள். ஆடினவர்களுக்குச் சோடா கொடுத்தார்கள், நின்றுகொண்டிருந்தவளை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். கழுத்துப் பட்டைக்குக் கீழே சோப்பு நுரை மாதிரி வேர்வை கட்டியிருந்தது. வீட்டுக்கு வந்து அவிழ்த்துவிட்டதும் மறுபடியும் விக்கல். எனக்குச் சந்தோஷம். ரஹீம் பாய்க்குப் போன் போட்டு, "பிள்ளை நினைக்குது பாய்" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் வாளித் தண்ணீர் வைத்தது வைத்தபடி இருந்தது. பின்னங்கால்களை மரக்கட்டை மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாள். ஒரு அடி வைக்கவில்லை. தலை தொங்கிப்போய் இருந்தது. விக்கல் மட்டும் நிற்கவே இல்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? தாகம் இருந்தால் குடிக்காமலா இருப்பாள் என்று வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன்.

ரஹீம் பாய் தானாகவே வந்தார். வண்டியை நிறுத்தின வேகத்திலேயே லாயத்துக்குள் போய்விட்டார். "சின்னையா, நான் பொறந்ததுலேருந்து குதிரையோடதான் இருக்கேன். குதிரை விக்கி நான் பாத்ததே இல்லப்பா" என்றார். என் கையைப் பிடித்துக் கொலுசின் இடது முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தார். நெஞ்சு ஒரு முறை துடித்தால் விலா ஒரு முறை குதிக்கிறது. இரண்டும் ஒரே தாளத்தில். விக்கல் அப்படி வராது அம்மா. அவர் அங்கிருந்தே கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

டாக்டர் பெயர் ஸ்ரீவித்யா. உன்னைவிடக் கொஞ்சம் வயசு கூட இருக்கும். தோள்பட்டைத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளினது கிள்ளினபடியே கூடாரம் மாதிரி நின்றது. உதட்டைத் தூக்கி ஈறை அழுத்திப் பார்த்தார். அப்புறம் என்னிடம், "தீனியில உப்பு போடுறீங்களா" என்று கேட்டார்.

"இல்லைங்கம்மா, பிரஷர் இருக்கு" என்றேன்.

"குதிரைக்கா?"

"எனக்குங்க."

ரஹீம் பாய் திரும்பிக்கொண்டு தென்னைமரத்தில் காய் எத்தனை என்று பார்க்க ஆரம்பித்துவிட்டார். தோள் மட்டும் குலுங்கியது. டாக்டரம்மா சிரிக்கவில்லை. ஊசியைத் தயார் செய்துகொண்டே, வாழ்நாள் முழுக்க உப்பு போட்டே பிழைத்த இந்தக் கேண்டீன்காரனுக்கு உப்பைப் பற்றிப் பாடம் எடுத்தார். எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

நமக்கு வேர்த்தால் தண்ணீர் அதிகமாகவும் உப்பு குறைவாகவும் போகுமாம். ரத்தத்தில் மிச்ச உப்பு கெட்டிப்பட்டுத் தாகம் எடுக்கும். குதிரை வேர்வை அப்படி இல்லை. தண்ணீரோடு உப்பையும் அள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் உடம்பில் தண்ணீர் வற்றுவதே அதற்குத் தெரியாது. தாகமே எடுக்காது. உள்ளே காய்ந்துகொண்டிருக்கும்போதே வாளியைப் பார்த்துவிட்டு நிற்கும். கடைசியில் நரம்பும் சதையும் தடுமாறி, நெஞ்சு துடிக்கிறபோதெல்லாம் விலாவும் சேர்ந்து குதிக்கும். நாங்கள் விக்கல் என்று கொண்டாடியது அதைத்தான். சட்டையை நக்கியதும் சுவரை நக்கியதும் அவள் உப்பு கேட்டதுதான் அம்மா. வாய் இல்லாதவள் நாக்கால் கேட்டிருக்கிறாள். நான் பாசம் என்று எடுத்துக்கொண்டு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

தவிட்டுக்கும் திட்டு விழுந்தது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. புல்லைக் குறைத்துத் தவிட்டைக் கூட்டிக்கொண்டே போனால், உடம்பு தன் எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்துச் சரிக்கட்டுமாம். "வயிறு நிறைய புல்லும் வைக்கோலும், மேல கொஞ்சம் கொள்ளு, அளவா உப்பும் தாது உப்புக் கலவையும். சத்துன்னா ஒண்ணை அள்ளிக் கொட்டுறது இல்லைங்க, எல்லாம் ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கணும்" என்றார். சாம்பாரும் அப்படித்தான். புளி நன்றாக இருக்கிறது என்று புளியையே ஊற்றினால் கேண்டீனில் கரண்டி பறக்கும். எனக்கு அது அடுப்படியில் தெரியும், லாயத்தில் தெரியவில்லை.

கழுத்து நரம்பில் கால்சியம் சொட்டுச் சொட்டாக ஏறியது. டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டபடியே நின்றார். நானும் உன் அம்மாவும் கொலுசின் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். உன் அம்மா வாய்க்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். சுலோகம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்துக் கேட்டால், "ஜாடியை நான்தான்டி பூட்டுனேன், அவர் இல்ல" என்று குதிரையிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் இப்படி என் பக்கம் பேசி எத்தனையோ காலம் ஆயிற்று. கொலுசு பிழைத்தால் இதைச் சொல்லிக் காட்ட வேண்டும் என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. என் புத்தி அப்படி.

கொஞ்சம் கொஞ்சமாக விலா அடங்கியது. பிறகு ஒரு வாளியில் உப்புக் கரைத்த தண்ணீர், பக்கத்திலேயே இன்னொன்றில் நல்ல தண்ணீர். உப்பை மட்டும் தனியாகத் திணிக்கக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் இருக்க வேண்டும், எது வேண்டும் என்று அவளே தேர்ந்தெடுக்கட்டும் என்றார். வெயில் தாழும் வரை ஒன்றையும் தொடவில்லை. நாங்களும் எதையும் தொடவில்லை. அப்புறம் மூக்கை உப்புத் தண்ணீரில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். அந்த உறிஞ்சுகிற சத்தத்தைக் கேட்டதும் ரஹீம் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

டாக்டரம்மா கிளம்பும்போது நான் இன்னொரு கேள்வி கேட்டேன். "மனுஷங்களுக்கும் இப்படி ஆகுமாம்மா? என் பொண்ணு வேலூர்ல போலீஸ் டிரெயினிங்ல ஓடறா. குடம் குடமா தண்ணி குடிச்சும் மயக்கம் போட்டு விழுந்துட்டா."

"நான் மாட்டு டாக்டருங்க. அவங்களை அங்க இருக்கற டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. ஆனா மணிக்கணக்கா வேர்த்துட்டு வெறும் தண்ணியே குடிச்சா, உள்ள இருக்கற உப்பும் நீர்த்துத்தான் போகும்" என்றார். ஆகவே கலைமதி, அங்கே மருத்துவ அறை இருக்கும், போய்க் கேள். மயக்கம் போட்டதற்கு வெட்கப்படாதே. கொலுசு நான்கு காலோடு தடுமாறினாள், உனக்கு இருப்பது இரண்டு.

இதையெல்லாம் உனக்கு எழுதுவதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய விவாதம் நடந்தது. மறைத்துவிடலாம் என்பது என் கட்சி. கொலுசுக்கு ஒன்று என்று தெரிந்தால் நீ பெட்டியைக் கட்டிவிடுவாய் என்று எனக்குப் பயம். அப்போதுதான் உன் அம்மா, நான் இருமிய இடத்தில் என்ன எழுதியிருந்தது என்று தனக்குத் தெரியும் என்றாள். எப்போதோ எடுத்துப் படித்துவிட்டிருக்கிறாள். "அவ குதிரைக்காக வர்றாளா, குதிரையைச் சாக்கு வச்சுட்டு வர்றாளான்னு அவளுக்கே தெரியணும்ங்க. நாம மறைச்சுட்டா அது எப்படித் தெரியும்" என்றாள். பேனாவை எடுத்துவிட்டேன்.

அதனால் சொல்கிறேன். உனக்காக வர வேண்டும் என்று தோன்றினால் வா. யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டோம், பஸ் ஸ்டாண்டுக்குச் சாரட்டோடு வந்து நிற்பேன், தலைப்பாகை கட்டிக்கொண்டு. ஆனால் கொலுசுக்காக வராதே. அவளுக்கு உப்பு போட இப்போது எனக்குத் தெரியும்.

உன் அப்பா,
சின்னையா


ஸ்ரீரங்கம்
ஜூன் 22

அன்பு மகள் கலைமதிக்கு,

உன் கார்டு வந்தது. "மருத்துவ அறையில் கேட்டேன், உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணி அளவு சொல்லிக் குடுத்தாங்க, நேத்து முழுசா ஓடி முடிச்சேன், கடைசியாத்தான் வந்தேன்" என்று எழுதியிருந்தாய். அதைக் கொலுசுக்குப் படித்துக் காட்டினேன். கடைசியாக என்கிற சொல்லை மட்டும் விட்டுவிட்டேன். பிறகு மனசு கேட்காமல் அதையும் சொன்னேன். அவளுக்கு அதில் ஒன்றும் குறை இல்லை. புல்லை மென்றுகொண்டிருந்தாள்.

வருவேன் என்றும் எழுதவில்லை, வர மாட்டேன் என்றும் எழுதவில்லை. ஓடி முடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். எங்களுக்கு அது போதும்.

கொலுசு நேற்றுதான் மறுபடி சவாரி போனாள். டாக்டரம்மா கையால் தடவிப் பார்த்து உத்தரவு கொடுத்த பிறகுதான். உத்தர வீதியில் சின்ன ஊர்வலம். வழியில் நண்பர்கள் ஆடத் தொடங்கியதும், குதிரைக்குத் தண்ணி காட்டணும், தள்ளிக்குங்க என்று வண்டியை நிழலில் நிறுத்திவிட்டேன். மாப்பிள்ளைக்குக் கோபம். பரவாயில்லை, அவர் வேர்வையில் உப்பு குறைவு. கொலுசு ஒரு வாளியைக் காலி செய்துவிட்டு இன்னொன்று கேட்டாள். பேண்டு தொடங்கியது, அட்டென்ஷனில் நின்றாள். நான் அழவில்லை. தலைப்பாகை நனைந்து கண்ணில் வேர்வை இறங்கியது.

காலையில் வெயிலுக்கு முந்தி நானும் உன் அம்மாவும் கரைக்குப் போய்ப் புல் அறுத்து வருகிறோம். நடந்து நடந்து என் பிரஷரும் இறங்கியிருக்கிறதாம். லாயத்தில் செங்கல் மாதிரி ஒரு தாது உப்புக் கட்டி தொங்குகிறது. கல்லுப்பு ஜாடியும் இப்போது லாயத்தில்தான் இருக்கிறது, வீட்டில் எனக்கு முன்பு போட்டதில் கால் பங்கு உப்பு என்று பேச்சு. ஒருநாள் அந்தக் கட்டியின் ஓரத்தை நானும் நக்கிப் பார்த்தேன். உன் அம்மா பின்னால் வந்து நின்றது தெரியாது. "அவளுக்குத்தான் வாயில்ல, உங்களுக்குமா" என்றாள். கொலுசு என்னைப் பார்த்த பார்வையும் சரியில்லை.

பயிற்சி முடிகிற நாள் எப்போது என்று தெரிந்தால் எழுது. அணிவகுப்பைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் வருவோம். ரஹீம் பாயும் வருகிறேன் என்கிறார். நீ எந்த வரிசையில் நின்றாலும், கடைசி வரிசையாக இருந்தாலும், உன் அம்மா உன்னைக் கண்டுபிடித்துவிடுவாள்.

நன்றாகச் சாப்பிடு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் அவர்கள் சொன்ன அளவில் உப்புத் தண்ணீர் குடி. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதே. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இனிமேல் கொலுசுக்கு விக்கல் வரவே கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அதனால் நினைப்பதாக இருந்தால் என்னை நினை அம்மா. எனக்கு விக்கல் வந்தால் ஒன்றும் ஆகாது.

எப்போதும் உன் அப்பா,
சின்னையா